சிவப்பு விளக்கும் விற்காத காரும்

கதிர்,

காரை நான் விற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ நிதானமாகப் படிக்கலாம். நீ ஏற்பாடு செய்த கார் வியாபாரி சனிக்கிழமை வந்தார், தேத்தண்ணி குடித்தார், வெறுங்கையோடு திரும்பிப் போனார். அவர் உனக்குச் சொல்லியிருப்பார். அதிலிருந்து நீயும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீ முடித்துவிடுகிறாய் அப்பனே. நீ முடித்துவைக்கிற வாக்கியம் பெரும்பாலும் நான் சொல்ல வந்ததாக இருப்பதில்லை. வருகிற ஞாயிறு நீயும் என் மருமகள் மலரும் மெல்பர்னுக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதற்குள் நடந்தது முழுவதையும், யாரும் குறுக்கே பேசாமல், உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். இதை விட்டுவிடாதே, அதையும் எழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எனக்கே நாளாகிவிட்டது.

அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தது, அப்பாவுக்குக் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது. சர்க்கரை அவருடைய கண்ணில் கைவைத்த பிறகு அந்தக் கிளினிக்தான் எங்களுக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது, தேதி தவறாமல் போய் வருகிறோம். ஃபெடரல் ஹைவேயில் ஷா ஆலாம் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஒன்று முளைத்தது. கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்த அப்பாவிடம், ஏதோ லைட் எரியுதுங்க என்றேன். எப்படிப்பட்ட லைட் என்று கேட்டார். "ஒரு ஆள் உட்காந்திருக்கான். அவன் முன்னாடி பெரிய பலூன் ஒண்ணு இருக்கு" என்றேன். "யாருக்குப் பொறந்த நாளாம்?" என்றார் உன் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.  அடுத்த பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி, காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். மோதினால் விரிந்து நம்மைத் தாங்குகிற காற்றுப் பை இருக்கிறதே, அந்த ஏர்பேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். வண்டி ஓடும், ஆனால் ஆபத்து நேரத்தில் பை விரியும் என்று நம்ப முடியாது, தாமதிக்காமல் காட்டவும் என்று போட்டிருந்தது. இன்ஜினை அணைத்து மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். விளக்கைக் காணோம். அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, இன்னும் கொஞ்சம் பயத்தைத்தான் தந்தது. வந்து வந்து போகிற காய்ச்சலை எந்த நர்ஸும் நம்ப மாட்டாள்.

மறுநாளே நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பாலாவின் வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பாலா ஒரு மெஷினைச் செருகிப் பார்த்தார். ஏர்பேக்கில் கோளாறு என்று மட்டும் அது சொன்னது, எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அதை அழித்துவிட்டு, ஓட்டிப் பாருங்க ஆன்டி என்று அனுப்பினார். அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் போனபோது மறுபடியும் அதே பலூன்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான். திரும்பவும் பாலாவிடம் போனேன். இந்தத் தடவை அவர் தலையைச் சொறிந்தார். ஏர்பேக்கை ஆட்டிவைக்கிற பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதுதான் போயிருக்க வேண்டும், மாற்றிவிடலாம் என்றார். அவர் சொன்ன விலையை அப்பா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அங்கே டயர் மாற்றக் காத்திருந்த ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "எதுக்கு ஆன்டி செலவு, அந்த லைட்டுக்குப் பின்னாடி இருக்கற பல்பைக் கழட்டிட்டா முடிஞ்சுது லா" என்றார்.  பல்பைக் கழற்றினால் எனக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பக்கத்தில் கண் தெரியாத மனுஷனை உட்காரவைத்து ஓட்டுகிறவள் நான்.

அன்று சாயங்காலம்தான் உன்னிடம் சொன்னேன். நீ உடனே முடிவுக்கு வந்துவிட்டாய். "மா, கார் பழசாயிடுச்சு. அதுக்குப் போய் இவ்வளவு செலவு பண்றது வேஸ்ட். அதோட உங்களுக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாய். மலர் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். மீதியை நீ சொல்லாவிட்டாலும் அது இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு கார் வியாபாரியைப் பிடித்தாய், சனிக்கிழமை வருவார் என்றாய். கிள்ளானில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே இறக்கிவிடுகிற ரயில் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆப்பில் கார் கூப்பிட்டுக்கொள்ளலாம், செராஸ் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பா சொல்லக் கூடாது என்று தடுத்திருந்தார், இப்போது எழுதலாம் என்கிறார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ரயிலில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள் இறங்கும்போது பெட்டிக்கும் மேடைக்கும் நடுவில் அவருடைய கால் இறங்கிவிட்டது. பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரர் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிவிட்டார். காயம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, இனிமேல் ஊசி வேண்டாம், தெரிகிறவரை தெரியட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை ஆப்பில் கார் கூப்பிட்டேன். எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போனான் அந்தப் பையன். அவ்வளவு வாகனங்களுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா ரோட்டைக் கடந்தார். "என்னை பார்சல் மாதிரி அனுப்புறீங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த தேதிக்கு அவர் கிளம்பவே இல்லை. நீ அப்போது வேலைக்குப் புதிது, லீவு கேட்க முடியாத நேரம். உன்னைத் தொந்தரவு செய்யாமல் நான் போய் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன். இந்த வயசுல எதுக்கும்மா என்று நீ சிரித்தாயே, அதன் பின்னணி இதுதான். தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுக்கிற இடத்தில் வண்டி பின்னால் உருண்டு போயிற்று. அடுத்த முறையும் உருண்டது. அதற்கடுத்த முறை உருளவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான அந்த 'பி' ஸ்டிக்கரை நரைத்த தலையோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முதன்முதலில் அப்பாவைப் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக் வாசலிலேயே அவரை இறக்கிவிட்டேன். அவர் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே நடந்து போனார். ஆகவே கதிர், நீ விற்கச் சொன்னது வெறும் கார் இல்லை. அது போனால் அப்பா ஊசியை நிறுத்திவிடுவார். இந்தச் சமாசாரத்தில் அவரை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் நான். வார்டில் மானிட்டர் கத்தினால் புதிதாக வந்த நர்ஸுகள் மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். எங்கள் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, கத்துவது மெஷின், படுத்திருப்பது மனுஷன், முதலில் மனுஷனைப் பார் என்பது. ஒரு முறை இதயம் நின்றுவிட்டதாக மானிட்டர் அலறியது. ஓடிப் போய்ப் பார்த்தால் அந்த மனிதர் கட்டிலில் சம்மணம் போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒட்டியிருந்த வயர் கழன்று கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்னொரு முறை அதே மாதிரி அலறல், வயர்தான் கழன்றிருக்கும் என்று எல்லோரும் அசட்டையாக இருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், வயர் சரியாக இருந்தது, அந்த ஆளுக்குத்தான் சரியில்லை. பிழைத்துக்கொண்டார். பயந்து ஓடவும் கூடாது, அலட்சியமாக உட்காரவும் கூடாது, பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

நீயே அப்படி ஒரு கேஸ்தான் தெரியுமா? தொடக்கப்பள்ளியில் உன் ரிப்போர்ட்டில் திடீரென்று எல்லாப் பாடத்திலும் சிவப்பு. அப்பா பதறிப்போய் இரண்டு டியூஷனில் சேர்த்துவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. வீட்டில் வாயால் கேட்கிற கணக்குக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மட்டும் எப்படி மூளை மழுங்கும் என்று. ஒரு நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கொஞ்சம் தள்ளி இருந்த கடைப் பலகையைக் காட்டி, அங்கே என்ன போட்டிருக்கிறது படி என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அடுத்த நாள் கண்ணாடி போட்டோம். டியூஷன் இரண்டும் நின்றது, சிவப்பும் நின்றது. மட்டி என்று உன்னை முடிவு கட்டியிருந்தால் இன்றைக்கு மெல்பர்ன் எங்கே, நீ எங்கே?

சரி, காருக்கு வருகிறேன். விளக்கு எப்போது எரிகிறது, எப்போது எரியவில்லை என்று யோசித்தேன். கிள்ளான் மார்க்கெட்டுக்குப் போகும்போது எரிந்ததே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் போனால் எரிகிறது. ஹைவேயின் வேகமோ மேடு பள்ளமோ காரணமாக இருக்கலாம் என்று, அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை போய்த் திரும்பினேன். நல்ல மழை வேறு. விளக்கு எரியவில்லை. ரோடும் இல்லை, மழையும் இல்லை. அடுத்து அப்பாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கிள்ளான் பாலத்தில் ஏறும்போது சிவப்பாக வந்து உட்கார்ந்தது. "என்னங்க, உங்களாலதான் எரியுது" என்றேன். அவருக்குக் கோபம். "நான் ஏறுனா காருக்கே பிடிக்கலையா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கனத்தால் இருக்குமோ என்று அடுத்த வீட்டு ரொஹானி அக்காவை ஏற்றிப் பார்க்க நினைத்தேன். அப்பாவைவிட அவர் நல்ல கனம், அதைச் சொல்லாமல், மார்க்கெட் வரை வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். சந்தோஷமாக வந்தார், போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே வந்தார். விளக்கு எரியவில்லை. இறங்கும்போது உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, இனி எடை பார்க்க வேண்டுமென்றால் ஒரு மீனும் வாங்கித் தர வேண்டும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியானால் அப்பா உட்கார்ந்தால் மட்டும் என்ன ஆகிறது? அவரைக் காருக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், ஏறுங்கள் பார்க்கலாம் என்று நின்று கவனித்தேன். இத்தனை நாளும் நான் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கில் இருப்பேன், அவர் ஏறுவதை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. உட்கார்ந்ததும் கையைக் கீழே விட்டு லீவரைத் தூக்கினார், காலை ஊன்றி உந்தினார், சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் போயிற்று. முட்டி மடங்க மாட்டேன் என்கிறதாம், அதனால் கால் நீட்ட இடம் வேண்டுமாம். நான் தனியாகப் போகும்போது காய்கறிக் கூடையைப் பின்னால் வைப்பதற்காக அந்த சீட்டை முன்னால் இழுத்துவைப்பேன். ரொஹானி அக்காவும் அப்படி முன்னால் இழுத்த சீட்டில்தான் உட்கார்ந்தார்.  அவரை இறங்கச் சொன்னேன். காலி சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு, தாமானை ஒரு சுற்றுச் சுற்றினேன். சர்ச் மூலையில் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு எரிந்தது. யாருமே உட்காராத சீட்டு, கதிர். சிவப்பு விளக்கைப் பார்த்துக் கைதட்டின பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேராகப் பாலாவிடம் போனோம். பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் இடது பக்க சீட்டுக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். "மெஷின் அப்படி ஒண்ணும் காட்டலையே ஆன்டி" என்றார். "மெஷின் காட்டாது. நான் காட்டறேன்" என்றேன். இன்ஜினை ஓடவிட்டு, அப்பாவை உட்காரவைத்து, சீட்டை முன்னால் இழுக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. பின்னால் தள்ளிக் கொஞ்சம் ஆட்டச் சொன்னேன். அப்பா தேர் இழுக்கிற மாதிரி முழு மனதோடு ஆட்டினார். விளக்கு எரிந்தது.  பாலாவின் முகத்திலும் ஒரு வேகம் வந்துவிட்டது. ஏர்பேக் வயரைச் சும்மா தொடக் கூடாது, தெரியாமல் கைவைத்தால் பை வெடித்து விரிந்துவிடும் என்று சொல்லி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அதன் பிறகுதான் டார்ச்சோடு சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். "இருக்கு ஆன்டி" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. சீட்டுக்குள் இருக்கிற பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போகிற வயர் தன் பிடியிலிருந்து நழுவித் தொங்கியிருக்கிறது. சீட்டு பின்னால் போகிறபோதெல்லாம் தண்டவாளம் மாதிரி இருக்கிற இரும்பில் உரசி, மேல்தோல் தேய்ந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. பாலா சரியான வயரை வரவழைத்து மாற்றி, இரும்பின் பக்கமே போகாதபடி இழுத்துக் கட்டினார். என்னிடம் வந்து, "நான் முதல்லயே கீழ பாத்திருக்கணும் ஆன்டி" என்று நேராகச் சொன்னார். நல்ல மனுஷன். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். நர்ஸ் என்றதும், ரிட்டயர் ஆனது போதும், இங்கே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். அப்பா அதை இதுவரை ரொஹானி அக்கா வீட்டிலும், மளிகைக் கடையிலும், முடிவெட்டுகிற இடத்திலும் சொல்லியாயிற்று.

மறுநாள் அப்பாவே, பிரிக்பீல்ட்ஸ் போகலாமா என்றார். இன்றைக்கு ஊசி இல்லையே என்றேன். "ஊசி இல்லாம ஒரு நாள் போய்ப் பாக்கலாம்னுதான்" என்றார். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிக்கொண்டு ராஜா மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார். ஹைவேயில் ஒவ்வொரு மேடு வரும்போதும் "எரியுதா?" என்று கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். கோலாலம்பூர் நெருங்க நெருங்க அந்த "எரியுதா" ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு எதிரில், லோரிக்கும் வேனுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நான் பின்னோக்கி நிறுத்தியதைப் பார்த்து, பூக்கடையில் நின்ற ஒரு பெண் பாராட்டுகிற மாதிரி தலையை ஆட்டினாள். அப்பா இலையில் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். இலையின் ஓரம் வரை தெரிகிறது என்று அவராகவே சொன்னார். ஊசி வேலை செய்கிறது கதிர். இனி ஒரு தேதியையும் விடமாட்டேன் என்றும் சொன்னார், நான் கேட்காமலே.

சனிக்கிழமை உன் வியாபாரி வந்தார். விளக்கு எரிகிற கார் என்று நீ சொல்லியிருந்தாய், அதற்குத் தகுந்த விலையை மனதில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சாவியைக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தார், சீட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. இறங்கும்போதே பேச்சு மாறிவிட்டது. "அக்கா, வண்டி நல்லாதான் இருக்கு, விலையைக் கூட்டிப் பேசலாம்" என்றார். "வண்டி நல்லா இருக்கறதாலதான் தம்பி விக்கல" என்றேன். உள்ளேயிருந்து அப்பா சிரித்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அங்கே போனதும் எங்களைப் பற்றி உனக்கு நிறையக் கவலை வரும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். அம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, அப்பா ஏன் பேசவில்லை என்று தோன்றும்போது வயதுதான் காரணம் என்று முடிவு கட்டாதே. எப்போதிலிருந்து, எதற்குப் பிறகு என்று கேள். பதில் சொல்ல நான் இருக்கிறேன், ஒளிக்க மாட்டேன். முடியாத காலம் ஒன்று வரும், அது வரும்போது சாவியை நானே கொண்டுவந்து உன் கையில் வைப்பேன். மலர் விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். புது ஊரில் அவள் முகம் வாடினால், கல்யாணத்திலேயே கோளாறு என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. குளிராக இருக்கலாம், சோறு சரியில்லாமல் இருக்கலாம், பேச ஆள் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை நீ முடித்துவைக்காமல் கேள்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு ஆப்பில் கார் கூப்பிடாதே. நான் செராஸுக்கு வருகிறேன். பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தயாராக நில். அப்பா முன் சீட்டில்தான் இருப்பார், அதில் பேச்சு வேண்டாம். நீயும் மலரும் பின்னால் உட்காருங்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, நம் ஊரை நன்றாக ஒரு முறை பார்த்துக்கொண்டு வாருங்கள். ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா